சில்லுகளை ஏன் கோணலாகப் பதித்தார்கள்? ரவென்னாவின் மொசைக் ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மொசைக் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய வீட்டுத் தரைதான். சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து கொட்டி, காய்ந்த பிறகு இயந்திரத்தை ஓடவிட்டுத் தேய்ப்பார்கள். வீடு முழுக்க வெள்ளைக் குழம்பு வழிந்தோடும். தேய்த்து முடித்த தரையில் முகம் தெரிந்தால்தான் மேஸ்திரிக்குப் பாக்கிப் பணம். வழுவழுப்புதான் அதன் பெருமை.

இத்தாலியின் ரவென்னா நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் மறக்க வேண்டியது அந்தத் தரையைத்தான். அங்கே சுவரிலும் கூரையிலும் இருக்கும் மொசைக்கில் வழுவழுப்பு மருந்துக்கும் கிடையாது. ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும், அடுத்தது உள்ளே அமுங்கியிருக்கும். 1,500 ஆண்டுப் பழசு, அதனால் பெயர்ந்துவிட்டது போல என்று நான் முதலில் நினைத்தேன். பெயரவில்லை. அப்படித்தான் பதித்திருக்கிறார்கள். இந்தக் கோணல் ஏன் என்று புரிந்துவிட்டால், ஆரம்பகாலக் கிறிஸ்தவக் கலையில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு அந்தப் படங்களின் குறிமொழி தெரிய வேண்டும். இரண்டையும் இங்கே சொல்லிவிடப் பார்க்கிறேன்.

கோணலை முதலில் பார்ப்போம். ரோமானியர்கள் மொசைக்கைப் பெரும்பாலும் தரையில்தான் போட்டார்கள். காலால் மிதிபடும் இடம் என்பதால் கல் சில்லு, சமதளம். கிறிஸ்தவக் கோயில்கள் பெரிதாக எழும்பிய 4, 5ஆம் நூற்றாண்டுகளில் அது தரையை விட்டு ஏறி, சுவரையும் குவிமாடத்தையும் பிடித்துக்கொண்டது. அங்கே யாரும் மிதிக்கப் போவதில்லை. எனவே கல்லுக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பயன்படுத்த முடிந்தது. உருக்கிய கண்ணாடியில் உலோக ஆக்சைடுகளைக் கலந்தால் நிறம் வரும். கோபால்ட் கலந்தால் ஆழ்ந்த நீலம். அதைத் தட்டையான வில்லையாக ஊற்றி ஆறவைத்து, பிறகு உடைக்க வேண்டும். உடைக்கும் முறை இன்றும் மாறவில்லை. கனமான மரக்கட்டையில் ஓர் உளியைக் கூர்முனை மேல்நோக்கி நிற்கும்படி நட்டுவிடுவார்கள். கண்ணாடியை அதன்மேல் வைத்து, சரியாக அதே கோட்டில் மேலிருந்து சுத்தியலால் ஒரு தட்டு. சில்லு தெறித்து விழும். ரவென்னாவில் இன்றைக்கும் மொசைக் பட்டறைகளும் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. வெளியே நின்றாலே அந்த 'டக் டக்' ஓசையைக் கேட்கலாம்.

தங்க நிறச் சில்லு தனிக் கதை. தங்கத் தகட்டைக் கண்ணாடியின்மேல் ஒட்டி அப்படியே விட்டால் உரிந்துபோகும். எனவே அதன்மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடிப் படலத்தைப் பரப்பிச் சூளையில் இணைத்தார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, காற்றும் ஈரமும் தீண்டாமல், நகத்தைவிட மெல்லிய தங்கம். கறுக்காமல் இத்தனை நூற்றாண்டு தாங்கியதன் ரகசியம் இதுதான்.

இப்போது சுவருக்கு வருவோம். சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, படத்தை வண்ணத்தில் கோட்டுருவமாக வரைந்துகொள்வார்கள். கடைசிப் பூச்சை மட்டும், அது இறுகுவதற்குள் எவ்வளவு வேலை முடியுமோ அவ்வளவு பரப்புக்கே பூசி, ஈரத்தில் சில்லை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துவார்கள். இந்த இடத்தில்தான் கோணல் வருகிறது. எல்லாச் சில்லும் ஒரே தளத்தில் இருந்தால், வெளிச்சம் படும்போது சுவர் முழுவதும் ஒரே பக்கமாகப் பளீரிட்டு, மற்றப் பக்கங்களிலிருந்து பார்ப்பவருக்கு மங்கிப்போகும். ஆளுக்கொரு பக்கம் சாய்த்துவைத்தால் எங்கே நின்றாலும் ஏதோ சில சில்லுகள் உங்கள் கண்ணுக்கு ஒளியை அனுப்பும். ஓர் அடி நகர்ந்தால் அவை அணைந்து வேறு சில மின்னும். அந்தக் காலத்தில் அங்கே எரிந்தவை எண்ணெய் விளக்குகள். சுடர் அசைகிறது, பார்ப்பவர் நடக்கிறார், சுவர் அசைகிறது. கர்ப்பக்கிருகத்தில் கற்பூரத் தட்டு ஏறி இறங்கும்போது மூலவரின் நகைகள் உயிர்பெறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆகவே முதல் பாடம்: மொசைக் முன்னால் அசையாமல் நிற்காதீர்கள். அருங்காட்சியகத்தில் நாம் செய்யும் வழக்கமான காரியம், படத்துக்கு நேர் எதிரே நின்று, பெயர்ப்பலகையைப் படித்து, ஒரு புகைப்படம் எடுத்து, அடுத்ததற்குப் போவது. ஓவியத்துக்கு அது சரி. மொசைக்குக்கு அது அநியாயம். பக்கவாட்டில் நடங்கள், குனியுங்கள், மறுபடி வாருங்கள். காவலர் சந்தேகமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

ஏன் ரவென்னா?

ரோம், மிலான், கான்ஸ்டான்டிநோபிள் எல்லாம் இருக்க, கடலோரச் சதுப்புநில ஊரான ரவென்னாவில் இவ்வளவு மொசைக் எப்படி மிஞ்சியது? அந்தச் சதுப்புதான் காரணம். படையெடுப்புகளுக்குப் பயந்த பேரரசன் ஹொனோரியுஸ், 402இல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரை மிலானிலிருந்து இங்கே மாற்றினான். சுற்றிலும் சேறும் நீரும். குதிரைப்படை எளிதில் நெருங்க முடியாது. பக்கத்திலேயே கிளாஸ்ஸே துறைமுகம். 476இல் மேற்குப் பேரரசு முடிவுக்கு வந்தது. 493இல் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தின் மன்னன் தியோடரிக் ஊரைப் பிடித்தான். 540இல் கிழக்குப் பேரரசன் ஜஸ்டினியனின் படை பிடித்தது. 751இல் லொம்பார்டுகள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தார் வந்தார்கள். அதன் பிறகு துறைமுகமும் தூர்ந்து, ஊர் ஓரமாகிப்போனது. ஓரமான ஊரில் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமும் இருக்காது, அவசரமும் இருக்காது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துச் சிற்றூர்களில் பழைய கோயில்கள் தப்பியது போலத்தான். 1996இல் யுனெஸ்கோ இந்த ஊரின் எட்டுக் கட்டடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஊர் சிறியது, எட்டில் ஆறு இடங்களை நடந்தே பார்த்துவிடலாம். சான் விதாலே தேவாலயம், கால்லா பிளாசீதியா நினைவு மண்டபம், நியோன் திருமுழுக்கு (ஞானஸ்நான) மண்டபம், சந்தப்பொல்லினாரே நுவோவோ தேவாலயம், பேராயர் அருங்காட்சியகம் ஆகிய ஐந்தையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இவற்றில் கால்லா பிளாசீதியாவுக்கும் நியோன் மண்டபத்துக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். உள்ளே சில நிமிடங்களே விடுவார்கள். கூட்டத்தின் மூச்சுக்காற்றின் ஈரம் சுவருக்கு ஆகாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பேராயர் அருங்காட்சியகம் என்பேன். பெரும்பாலானோர் நேராக சான் விதாலேக்கு ஓடிவிடுவார்கள். அது அடுத்த வேளைக்கு இருக்கட்டும். அருங்காட்சியகம் பேராலயத்துக்குப் பின்னால், பேராயர் இல்லத்தின் மாடியில் இருக்கிறது, கூட்டம் குறைவு. அங்கே தொடங்குவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. இடிக்கப்பட்ட பழைய பேராலயத்தின் பீடத்துக்குப் பின்னிருந்த மொசைக்கிலிருந்து பெயர்த்தெடுத்த சில துண்டுகள் அங்கே கண் மட்டத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன. கைகளை உயர்த்தி வேண்டும் மரியாளின் உருவம் அவற்றில் முக்கியமானது. காலம் 1112, ஆரம்பகாலம் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற இடங்களில் பத்து, பதினைந்து மீட்டர் உயரத்தில் இருப்பதை இங்கே ஒரு முழத் தொலைவில் பார்க்கலாம். ஆடைக்குப் பெரிய சில்லு, முகத்துக்குப் பொடிச் சில்லு. கன்னத்தின் வளைவை ஒட்டியே சில்லு வரிசைகளும் வளைகின்றன. கோலத்தில் புள்ளிகளைச் சுற்றிக் கம்பி இழுப்பது போல. இப்படிப்பட்ட முகங்களில் நிழல் விழும் இடத்துக்குப் பழுப்பை வைக்காமல் பச்சையை வைப்பது அந்தக் கைவினைஞர்களின் வழக்கம். பக்கத்தில் நின்றால் பச்சைக் கோடு. நாலடி பின்னால் போனால் தோல். இதை ஒருமுறை இங்கே பார்த்துக்கொண்டால், பிறகு எந்தக் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தாலும் கண்ணுக்கு வேலை தெரிந்திருக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். சுவரிலிருந்து பெயர்த்துப் பலகையில் மாட்டிய மொசைக், அசையாத மின்விளக்கின் கீழே, கூண்டுக்குள் இருக்கும் மயில் மாதிரிதான். இறகு தெரியும், தோகை விரியாது. அதற்கு மருந்து அதே அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருக்கிறது: புனித அந்திரேயா சிற்றாலயம்.

ஆயர் இரண்டாம் பீட்டர் (பதவியில் 494 முதல் 519 வரை) தன் சொந்த வழிபாட்டுக்காகக் கட்டிய குட்டி ஆலயம் இது. வாசல் நடையின் வளைந்த கூரை முழுக்க லில்லிப் பூக்களும் பறவைகளும். கொக்கு, வாத்து, கிளி, மயில் என்று பார்த்துக்கொண்டே போகலாம். சுவரில் லத்தீன் வரிகள். அவற்றில் ஒன்றின் பொருள்: 'ஒளி இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சிறைபிடிக்கப்பட்டு வந்து இங்கே சுதந்திரமாக ஆள்கிறது.' மொசைக் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

வாசலுக்கு மேலே கிறிஸ்து நிற்கிறார். எந்தக் கிறிஸ்து? நீண்ட அங்கியும் சாந்தமான தாடி முகமுமாக நம் வீட்டுக் காலண்டரில் வருபவர் அல்லர். ரோமானியப் படைத்தலைவனின் உடை. தாடி இல்லாத இளைஞர். தோளில் ஈட்டியைச் சாய்த்துக்கொள்வது போல நீண்ட சிலுவையைச் சாய்த்திருக்கிறார். ஒரு கால் சிங்கத்தின் மேல், இன்னொன்று பாம்பின் மேல். 'சிங்கத்தின்மேலும் விரியன் பாம்பின்மேலும் நீ நடந்து' என்ற 91ஆம் சங்கீதத்தின் படம் அது. கையில் விரித்த புத்தகத்தில், 'நானே வழியும் சத்தியமும் ஜீவனும்' என்ற வசனம்.

படைவீரன் வேடம் எதற்கு? தியோடரிக் ஆட்சியில் கத்தோலிக்க ஆயர் ஒருவர் தன் வீட்டுக்குள் போட்டுக்கொண்ட படம் இது என்பதை நினைவில் வையுங்கள். மன்னனின் கிறிஸ்தவம் வேறு, ஆயரின் கிறிஸ்தவம் வேறு. தியோடரிக்கும் அவனுடைய கோத்தியர்களும் ஆரியுஸ் என்ற அலெக்சாந்திரியா நகரத்துக் குருவின் வழியைப் பின்பற்றியவர்கள். (நம் ஊர் ஆரியர் விவகாரத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, பெயர் ஒற்றுமை மட்டுமே. தமிழில் எழுதும்போது இதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.) மகன் தந்தைக்குச் சமமானவர் அல்லர், தந்தையால் உண்டாக்கப்பட்டவர் என்பது ஆரியுஸின் போதனை. 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் அதைத் தவறென்று தள்ளியது. ஆனாலும் கோத்தியர்களிடம் அது நிலைத்துவிட்டது. ரவென்னாவில் இரு பிரிவினருக்கும் தனித்தனித் தேவாலயம், தனித்தனித் திருமுழுக்கு மண்டபம். இந்தப் பிளவு தெரியாமல் ரவென்னாவைச் சுற்றுவது, வடகலை தென்கலை தெரியாமல் காஞ்சிபுரத்தைச் சுற்றுவது போல.

படங்களின் குறிமொழி

ஆரம்பகாலக் கிறிஸ்தவக் கலை என்று பொதுவாகச் சொல்வது 3 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தை. 313இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் வழிபாட்டுரிமை தரும்வரை கிறிஸ்தவர்கள் பெரிய கோயில்களை எழுப்பி அலங்கரிக்கும் நிலையில் இல்லை. நிலத்தடிக் கல்லறைச் சுவர்களிலும் கல் பேழைகளிலும் அவர்கள் வரைந்தவை எளிய குறிகள். அவற்றுள் பல புதிதாகக் கண்டுபிடித்தவையும் அல்ல. ஆட்டைத் தோளில் சுமக்கும் இடையன் கிறிஸ்தவத்துக்கு முந்திய ரோமானியக் கலையிலேயே உண்டு. கிராமத்து அமைதிக்கும் அன்புக்கும் அடையாளம். 'நல்ல மேய்ப்பன் நானே' என்ற வசனத்தை அறிந்தவர் அதே படத்தில் வேறொன்றைப் படிப்பார், அறியாதவர் இடையனைப் பார்ப்பார். ரவென்னாவிலேயே 1993இல் நிலத்தடியில் கண்டுபிடித்த ஒரு பழைய மாளிகையின் தரை மொசைக்கில் மேய்ப்பன் படம் இருக்கிறது. அது கிறிஸ்துவா, வெறும் இடையனா என்று இன்றுவரை விவாதம். எனக்கு அந்த விவாதம் முடியாமல் இருப்பதுதான் பிடித்திருக்கிறது.

மீன் இன்னும் சுவாரசியமானது. கிரேக்கத்தில் மீனுக்கு 'இக்தூஸ்' என்று பெயர், ஐந்து எழுத்து. 'இயேசு, கிறிஸ்து, கடவுளின், மகன், மீட்பர்' என்ற ஐந்து கிரேக்கச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் அதே சொல் வரும். மயில் வந்தால் அழியாமை. அதன் இறைச்சி கெடாது என்று அக்காலத்தில் நம்பினார்கள். புனித அகுஸ்தீன் சமைத்த மயில் இறைச்சியை எடுத்துவைத்துச் சோதித்துப் பார்த்ததாக எழுதியே வைத்திருக்கிறார். மயிலின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம் என்பதால், சான் விதாலேயின் பீடத்துக்கு மேலே உள்ள விதானத்தின் நான்கு மூலைகளிலும் தோகை விரித்து நிற்கும் மயில்களைப் பார்க்கும்போது, தூரத்து உறவினரைக் கண்ட உணர்வு வருகிறது.

நீர் குடிக்கும் மான் என்றால், 'மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல' என்ற 42ஆம் சங்கீதம். தேவாலயத்தில் வளர்ந்த தமிழர்களுக்கு இது வாய்ப்பாடாகத் தெரியும். கால்லா பிளாசீதியா மண்டபத்துக்குள் நுழைந்தால் பக்கச் சுவர்களில் அந்த மான்களைப் பார்க்கலாம்.

அந்த மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். வெளியே செங்கல்; ஒரு தானியக் கிடங்கு என்றால்கூட நம்பலாம். ஹொனோரியுஸின் சகோதரி கால்லா பிளாசீதியா 5ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதியில் கட்டியது. கோத்தியர்களிடம் சிறைப்பட்டு, அவர்கள் மன்னனையே மணந்து, விதவையாகித் திரும்பி, மறுபடி மணந்து, மகன் சிறுவனாக இருந்தபோது பேரரசையே நடத்தியவள். 450இல் ரோமில் இறந்தாள். பெயர் இருந்தாலும் அவள் இங்கே புதைக்கப்படவில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

உள்ளே நுழைந்ததும் இருட்டு. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. மெல்லிய அலபாஸ்டர் கல் பலகைகள். அவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொருத்தியவை. தேன் நிறத்தில் ஒளி கசிகிறது. கண் பழகுவதற்கு ஒரு நிமிடம் ஆகும், உங்களுக்குத் தந்திருப்பதோ சில நிமிடங்கள். அந்த முதல் நிமிடத்தில் கேமராவைத் தேடாமல் சும்மா நில்லுங்கள். பிறகு மெல்ல நீலம் தெரியத் தொடங்கும். குவிமாடம் முழுவதும் இரவு வானம், தங்க நட்சத்திரங்கள், நடுவே தங்கச் சிலுவை. மேலே போகப் போக நட்சத்திரங்கள் சிறிதாகின்றன, வானம் உயர்ந்துகொண்டே போகிறது.

திரும்பி, நீங்கள் நுழைந்த வாசலுக்கு மேலே பாருங்கள். அங்கே நல்ல மேய்ப்பன். ஆறு ஆடுகள், பக்கத்துக்கு மூன்று, அத்தனையும் அவரையே பார்க்கின்றன. அவர் ஒரு கையால் ஓர் ஆட்டின் முகவாயைத் தொடுகிறார். ஆனால் உடையைக் கவனியுங்கள்: தங்க அங்கி, அரசர்க்குரிய ஊதா மேலாடை. இடையனின் கோல் இருக்க வேண்டிய கையில் தங்கச் சிலுவை. கல்லறைச் சுவர்களில் முழங்காலுக்கு மேல் ஏறிய சட்டையுடன் ஆட்டைச் சுமந்த கூலிக்கார இடையன், நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் பேரரசனாகி அமர்ந்துவிட்டார். மதம் அரண்மனைக்குள் போனது எப்படி என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த ஒரு மேலாடை போதும்.

எதிர்ச் சுவரில் எரியும் இரும்புச் சட்டகம். சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் அதை நோக்கி விரைகிறார். பெரும்பாலானோர் அவரை அவ்வகைச் சட்டகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட புனித லாரன்ஸ் என்கிறார்கள். இடப்பக்கம் கதவு திறந்த ஒரு புத்தக அலமாரி. மாற்கு, லூக்கா, மத்தேயு, யோவான் என்று பெயர் எழுதிய நான்கு நூல்கள் படுக்கவைத்திருக்கின்றன. 5ஆம் நூற்றாண்டில் புத்தகத்தை எப்படி அடுக்கினார்கள் என்பதற்கு ஒரு சாட்சி.

குறிமொழியில் ஒன்று இல்லாததையும் கவனிக்க வேண்டும். சந்தப்பொல்லினாரே நுவோவோவின் மேல்வரிசையில் இயேசுவின் வாழ்க்கை 26 சிறு படங்களாக ஓடுகிறது. ஒரு பக்கம் 13 படங்கள், அற்புதங்களும் உவமைகளும். அங்கே அவருக்குத் தாடி இல்லை. மறுபக்கம் 13, பாடுகளும் உயிர்ப்பும்; அங்கே தாடி வைத்தவர். சிலுவை சுமக்கும் வழி வருகிறது, அடுத்து வெறுமையான கல்லறையின் முன்னால் பெண்கள் வருகிறார்கள். நடுவில் சிலுவையில் அறைவது இல்லை. இன்று எந்தக் கோயிலிலும் முதலில் கண்ணில் படும் காட்சியை அன்று வரையவே தயங்கினார்கள். சிலுவை ரோமானிய உலகில் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை; அந்த அவமானத்தின் நினைவு இன்னும் பச்சையாக இருந்தது. சிலுவையைத் தங்கத்தில் தனியாகக் காட்டலாம், அதில் தொங்கும் உடலைக் காட்டுவது வெகு அரிது.

தூணில் ஒட்டிக்கொண்ட விரல்கள்

அதே தேவாலயத்தில் நீங்கள் நேரம் செலவிட வேண்டிய இடம் இன்னொன்று. இது தியோடரிக் தன் அரண்மனைக்காகக் கட்டிய ஆரியுஸ் பிரிவுத் தேவாலயம். உள்ளே போனால் வலப்பக்கச் சுவரில், வாசல் பக்கத்தில், அவனுடைய அரண்மனை. மேலே 'பலாத்தியும்' என்று லத்தீனில் பெயரே எழுதியிருக்கிறது. வெள்ளைத் தூண்கள், வளைவுகள், வளைவுக்கு நடுவே முடிச்சுப்போட்ட திரைச்சீலைகள். அழகுதான், ஏதோ குறைகிறது. ஆள் இல்லை.

இப்போது தூண்களை மட்டும் பாருங்கள். வெள்ளைத் தூணின் குறுக்கே ஒரு கை. இன்னொரு தூணில் சில விரல்கள். உடல் இல்லை, தோள் இல்லை, வெறும் கை.

நடந்தது இதுதான். முன்பு அந்த வளைவுகளில் மன்னனும் அவையினரும் நின்றார்கள் என்று கருதப்படுகிறது. ஜஸ்டினியன் ஆட்சி வந்து, தேவாலயம் கத்தோலிக்கர் கைக்குப் போனதும், சுமார் 561இல் ஆயர் அக்னெல்லுஸ் காலத்தில், அவர்களை எல்லாம் சில்லு சில்லாகப் பெயர்த்துவிட்டுத் திரைச்சீலையைப் பதித்தார்கள். ஆனால் தூணின் குறுக்கே நீண்டிருந்த கைகளைப் பெயர்த்தால் தூணையும் திரும்பப் பதிக்க வேண்டுமே. விட்டுவிட்டார்கள். வேலைச் சோம்பலா, கூலிக் கணக்கா, யாரோ ஒரு தொழிலாளியின் குறும்பா தெரியாது. 1,450 ஆண்டுகளாக அந்த விரல்கள் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எதிர்ச் சுவரில் கிளாஸ்ஸே துறைமுகத்தின் மதில் முன்னாலும் நின்றவர்களை எடுத்துவிட்டார்கள். செங்கல் நிறம் கொஞ்சம் மாறுவதை வைத்து ஆளின் நிழலுருவைக் கண்டுபிடிக்கலாம். வரலாற்றில் ஆள்களை அழிப்பது எளிதல்ல என்பதற்கு மொசைக் கொஞ்சம் கூடுதல் சாட்சி. பெயர்த்த இடத்தில் பதிக்கும் புதுச் சில்லு பழையதோடு ஒருபோதும் சரியாகப் பொருந்துவதில்லை.

துறைமுகத்திலிருந்து 22 கன்னியர் வரிசையாக நடக்கிறார்கள், முன்னால் குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகள். முதல் பார்வைக்கு 22 பேரும் ஒரே அச்சு. அவர்களில் அக்னேஸ் என்ற புனிதையின் காலடியில் மட்டும் ஒரு குட்டி ஆடு. அவள் பெயரின் ஒலி ஆட்டுக்குட்டிக்கான லத்தீன் சொல்லை ஒட்டியது. சிலேடை தமிழனுக்கு மட்டும் சொந்தமா என்ன.

சான் விதாலேயில் ஜஸ்டினியனையும் அரசி தியோடோராவையும் எல்லோரும் பார்ப்பார்கள். அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள். 547இல் அர்ச்சித்த, அதாவது புனிதப்படுத்தித் திறந்த தேவாலயம். ஜூலியானுஸ் என்ற வட்டிக்கடைக்காரர் 26,000 பொற்காசு கொடுத்துக் கட்டியது. அரசனும் அரசியும் ரவென்னாவில் காலடியே வைத்ததில்லை. படத்தை அனுப்பி ஆண்டார்கள். நான் பார்க்கச் சொல்வது காலடிகளை. பேரரசன் நடுவில் இருக்கிறார், ஆனால் பக்கத்தில் நிற்கும் பேராயர் மாக்சிமியனின் பாதம் கொஞ்சம் முன்னால். யார் யாருக்கு முன்னால் என்பதில் அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்று நினைத்தால் கல்யாண வீட்டுப் புகைப்படம் நினைவுக்கு வருகிறது. அத்தனை பேரில் தலைக்கு மேல் பெயர் எழுதியிருப்பது மாக்சிமியனுக்கு மட்டுமே. தியோடோராவின் அங்கி ஓரத்தில் மூன்று ஞானிகள் பரிசு ஏந்தி ஓடுகிறார்கள். அவள் கையிலும் காணிக்கைக் கிண்ணம்.

அதே மாக்சிமியனின் தந்த அரியணை மறுபடி நம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்புறம் திருமுழுக்கு யோவானும் நான்கு நற்செய்தியாளர்களும், பக்கங்களில் யோசேப்பின் கதை. சகோதரர்கள் அவனைக் கிணற்றில் இறக்கும் காட்சியை விரலளவுத் தந்தத்தில் குடைந்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் பெரும்பாலோர் கடந்துபோய்விடும் ஒரு சலவைக்கல் பலகை: 532 முதல் 626 வரை ஈஸ்டர் எந்த நாளில் வரும் என்ற சக்கரம். 19 பிரிவுகள், 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலவும் சூரியனும் ஏறத்தாழ ஒரே கணக்குக்குத் திரும்பும். கல்லில் வெட்டிய பஞ்சாங்கம்.

எச்சரிக்கை ஒன்று. பார்ப்பதெல்லாம் பழசு அல்ல. நியோன் மண்டபத்தின் குவிமாடத்தில் இயேசு யோர்தானில் நிற்கிறார். அவர் முகமும் தலைமேல் நீர் ஊற்றும் கிண்ணமும் 19ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பு. சில்லுகளின் நிறமே காட்டிக்கொடுக்கும். அந்த மண்டபத்தின் ஆதித் தரை இன்றைய தரைக்குச் சுமார் மூன்று மீட்டர் கீழே போய்விட்டது. நாம் நிற்பது அன்றைய மனிதரின் தலைக்கும் மேலே. ஆரியுஸ் பிரிவினரின் மண்டபத்தில் அதே காட்சி பழுதுபார்ப்பாளரிடம் அவ்வளவாகச் சிக்காமல் கிடைக்கிறது. யோர்தான் ஆறு ஒரு கிழவராகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், தலையில் இரண்டு சிவப்பு நண்டுக் கொடுக்குகள். கிறிஸ்தவக் கோயிலில் பழைய நதி தெய்வம் இன்னும் வேலையில் இருக்கிறது.

கடைசியாகக் கிளாஸ்ஸே. ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர். ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம். 549இல் அர்ச்சித்த தேவாலயம். பீடத்துக்கு மேல் அரைக்குவிமாடத்தில் பச்சைப் புல்வெளி, கைவிரித்து நிற்கும் ஆயர் அப்பொல்லினாரிஸ், அவருக்கு மேலே 99 நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு பெரிய சிலுவை. சிலுவைக்கு மேலே 'இக்தூஸ்' என்ற மீன் எழுத்துகள். பக்கத்தில் மூன்று ஆடுகள். மலைமேல் இயேசு உருமாறியபோது உடனிருந்த பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் இங்கே ஆடுகளாகிவிட்டார்கள். இயேசு எங்கே என்று தேடுவீர்கள். சிலுவையின் இரண்டு கரங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது, தரையிலிருந்து பார்த்தால் ஒரு மணி போல. அதற்குள்தான் அவர் முகம். ஒரு பைனாகுலரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.